கோட்டுப் பைக்கு ஒரு பறவைப் புத்தகம்

வெர்னா கோவாச் கடைக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் வந்த காரியம் கெட்டுவிடும். கோட்டின் வலது பைக்குள் எந்தப் புத்தகம் சிக்காமல் இறங்கி, சிக்காமல் வெளியே வருகிறதோ அதைத்தான் வாங்குவது என்று வீட்டிலேயே முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

வீட்டில் பறவைப் புத்தகம் இல்லாமல் இல்லை. செங்கல் கனத்தில் ஒன்று இருக்கிறது. அந்தச் செங்கல்தான் போன வருஷம் அவள் மானத்தை வாங்கியது.

அமெரிக்காவின் கிழக்குப் பாதியில், ஏரிக்கரையோரம் இருக்கிற அந்த ஒஹாயோ ஊர்ப்பக்கத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை பறவை எண்ணுகிற நாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஆளுக்கொரு பகுதியாகப் பிரிந்துபோய் எண்ணுவார்கள். சாயந்திரம் சர்ச்சின் கீழ்த்தள ஹாலில் கூடிச் சாப்பிடுவார்கள். பட்டியல் எழுதுகிறவர் எல்மர் ஹோஃப்மன், முப்பத்தொரு வருஷமாக அவரேதான். வழக்கமான பறவை என்றால் கேள்வி கிடையாது. அபூர்வமான பறவை என்றால் பென்சிலால் குறித்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலே பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"புத்தகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி எழுதுனியா, பாத்துட்டு எழுதுனியா?"

முன்னாடி எழுதினது என்றால்தான் பேனாவால் ஏற்றுவார். படத்தைப் பார்த்த கண், பறவையிடம் இல்லாததையும் பார்த்துவிடும் என்பது அவர் கட்சி. அது நியாயம்தான், யாரும் மறுக்கவில்லை. போன வருஷம் வெர்னா துருவத்து வல்லூறு ஒன்றைப் பார்த்தாள். பார்த்ததும் தலைகால் புரியவில்லை. செங்கல் காரில் கிடந்தது. ஓடிப்போய்ப் புரட்டி, 'அதேதான்' என்று கத்திக்கொண்டு திரும்பி ஓடிவந்தால், பறவை போயே போய்விட்டது. படத்தைப் பார்த்த சூட்டோடு உட்கார்ந்து எழுதினாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் எல்மர் கேட்டார். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பாத்துட்டுத்தான்" என்றாள். அறுபது பேர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, எல்மர் ரப்பரை எடுத்து அழித்தார். அந்தச் சத்தம் வருஷம் முழுக்க அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த வருஷம் எப்படியாவது எல்மரின் பட்டியலில் ஒரே ஒரு அபூர்வப் பறவை, தன் பெயரோடு, பேனாவில் ஏற வேண்டும். வேறு எந்த ஆசையும் அவளுக்கு இல்லை.

"புத்தகம் மட்டும் அன்னிக்குப் பையில இருந்திருந்தா அது பறந்திருக்காது" என்றாள் வெர்னா, கடையில் பையைத் தட்டிக் காட்டி.

"பையில இருந்தா மட்டும் என்ன அண்ணி? அப்பவும் பாத்துட்டுத்தான எழுதியிருப்பீங்க?" என்றாள் கூட வந்திருந்த ஜோனி. வெர்னாவின் கணவனோடு கூடப் பிறந்தவள். வாய் கொஞ்சம் அதிகம். எண்ணுகிற நாளில் இருவரும் ஒரே ஜோடி.

"நீ சும்மா இரு."

கடைக்காரி டெனிஸ் மூன்று புத்தகங்களை எடுத்துப் போட்டாள். முதல் புத்தகம் பைக்குள் இறங்கியது. வெளியே வர மறுத்தது. பைத் துணியையும் சேர்த்துக்கொண்டு வந்தது. தள்ளினாள். இரண்டாவது நன்றாக இறங்கியது, ஏறியது. ஆனால் கையுறை போட்ட விரலுக்குத் தாள் பிரியவில்லை. ஒரே புரட்டலில் வாத்திலிருந்து மரங்கொத்திக்குப் போய்விட்டது. "டிசம்பர்ல கையுறையைக் கழட்டிட்டு நான் எங்க நிக்கறது?" என்று அதையும் தள்ளினாள்.

மூன்றாவது புத்தகம் சிக்காமல் இறங்கியது, சிக்காமல் ஏறியது. ஈரம் தாங்குகிற அட்டை. வழவழப்பில்லாத கனமான தாள். முன்னட்டையைத் திறந்ததும் ஒரே பக்கத்தில் பறவைப் பெயர்கள் அகரவரிசையில். கடைசிப் பரீட்சைக்குப் பாட்டுக்குருவியைப் பிரித்தாள். அவள் கொல்லைப்புறத்தில் வருஷம் முழுக்கக் குடியிருக்கும் பறவை. அதன் மார்பில் எத்தனை கோடு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அதைச் சரியாக வரைந்தவன் மற்றதையும் சரியாகத்தான் வரைந்திருப்பான். படத்தில் கோடுகள் அச்சு அசலாக இருந்தன.

"இதுதான்!" என்றாள் வெர்னா. மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறிக் கிடந்தது. பைனாகுலர் பிடித்துப் பிடித்து அவளுக்குக் கண்ணாடி எப்போதும் அங்கேதான் இருக்கும். கிட்டப் பார்வைக்கும் அதைக் கீழே இறக்குகிற பழக்கம் போய்விட்டது.

சனிக்கிழமை விடியற்காலை, எல்லோரும் டோனட் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, வெர்னா புத்தகத்தை உருவி மேஜைமேல் வைத்தாள். எவ்வளவு சுளுவாக வெளியே வருகிறது என்று எல்லோரும் பார்க்கட்டுமே. எல்மர் அதைக் கையில் எடுத்தார். அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"ஏம்மா வெர்னா, இன்னிக்கு நீ எண்ணப்போறது ஒஹாயோவுலயா, கலிஃபோர்னியாவுலயா?"

வெர்னா கண்ணாடியை இறக்கினாள். அட்டையில், பறவைப் படத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் 'மேற்கு மாநிலங்கள்' என்று போட்டிருந்தது. கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று என்று இரட்டையாக வருகிற புத்தகம். அட்டைப் படம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

டோனட் கடையே சிரித்தது. "பறக்கற குருவியோட புருவக் கோடு தெரியுது, உக்காந்திருக்கற எழுத்து தெரியலையா?" என்றான் ஒருவன். ஜோனி சிரித்துச் சிரித்துக் காப்பியைச் சிந்தினாள். வெர்னாவின் முகத்தில் ஈயாடவில்லை. புத்தகத்தைப் பைக்குள் போட்டு, பொத்தானையும் மாட்டிவிட்டாள். திங்கட்கிழமை காலையில் முதல் வேலை இதைத் திருப்பிக் கொடுப்பதுதான்.

அவர்கள் பகுதி யாரும் விரும்பிக் கேட்காத பகுதி. ஊர்ச் சாக்கடை வந்து சேரும் குட்டைகள், குப்பைமேடு, பிறகு கல்லறைத் தோட்டம். குட்டையில் வாத்துகளை எண்ணினார்கள். குப்பைமேட்டில் கடற்காக்கைகளை எண்ணினார்கள். மத்தியானம் கல்லறைத் தோட்டத்து வேலியோரம், பனியில் உதிர்ந்து கிடந்த காட்டு ஆப்பிள்களை ஆரஞ்சு மார்புள்ள ராபின் பறவைக் கூட்டம் ஒன்று கொத்திக்கொண்டிருந்தது.

"பதினாலு" என்றாள் ஜோனி.

"பதிமூணு" என்றாள் வெர்னா. "அந்தக் கடைசிப் பய ராபின் இல்ல."

ராபின் அளவுதான். ஆனால் ஆரஞ்சு மார்பின் குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை. கண்ணுக்கு மேலே ஆரஞ்சுக் கோடு. இறக்கையிலும் ஆரஞ்சு. முதுகு சிலேட் நிறம். வெர்னாவின் கை தானாகக் கோட்டுப் பைக்குப் போனது. பொத்தான் தடுத்தது.

'சே! இந்தச் சனியனைப் பாத்து என்ன ஆகப்போவுது? நம்ம ஊருப் பறவையா இதுல இருக்கும்?'

ஜோனி தன்னுடைய கிழக்குப் புத்தகத்தைப் படபடவென்று புரட்டினாள். "இதுல இல்லையே அண்ணி... ராபினாத்தான் இருக்கும். மேல சேறு பூசிக்கிச்சோ என்னவோ."

"சேறு புருவத்துக்கு மட்டும் அளவெடுத்துப் பூசுமா? புரட்டாத. நீ அதை விட்டுக் கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டே இரு." வெர்னாவுக்குக் கையில் வேறு வேலை இல்லை. நோட்டை எடுத்தாள். எழுதினாள், கோணல்மாணலாகப் படமும் போட்டாள். பட்டை, புருவம், இறக்கை, முதுகு, ஆப்பிளைத் தலையைச் சாய்த்துக் கொத்துகிற விதம். வாலின் இடது ஓரத்தில் ஓர் இறகு பாதி முறிந்து தொங்கியது, அதையும் விடவில்லை. மணி, வெளிச்சம், எத்தனை அடி தூரம். இரண்டு பக்கம் நிரம்பியது. ஜோனியைக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள். அதற்குள் லாரி ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. கூட்டம் கலைந்தது, அதுவும் பறந்தது.

இருவரும் காரில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தார்கள்.

"அண்ணி" என்றாள் ஜோனி, வாயில் ரொட்டியோடு. "உங்க கலிஃபோர்னியாவத்தான் ஒருவாட்டி பாருங்களேன்."

வெர்னா அலுத்துக்கொண்டே பொத்தானைக் கழற்றினாள். கையுறை விரலுக்குத் தாள் அழகாகப் பிரிந்தது. நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில், கறுப்புப் பட்டையும் ஆரஞ்சுப் புருவமுமாக, அந்தப் பறவை அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பலவண்ணப் பூங்குருவி. மேற்கே பசிபிக் கரையோரத்து மலைக்காடுகளில் வாழ்வது, கிழக்கே வழிதவறித்தான் வரும்.

"ஐயோ, ஐயோ, ஐயோ!" என்று கத்தினாள் வெர்னா. சாண்ட்விச் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு பெண்களும் கல்லறைத் தோட்டத்துப் பனியில் கைகோத்துக்கொண்டு குதித்தார்கள். வெர்னாவின் முழங்கால் வலிகூட அன்றைக்கு லீவு எடுத்துக்கொண்டது.

சாயந்திரம் ஹாலில் பீன்ஸும் கறியும் கொதிக்கிற வாசனை. எல்மர் பட்டியலை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "வேற எதாவது இருக்கா?" என்றபோது வெர்னா எழுந்தாள். பெயரைச் சொன்னாள். ஹாலில் கரண்டிச் சத்தம் நின்றது. எல்மர் பென்சிலை எடுத்தார்.

"புத்தகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி எழுதுனியா, பாத்துட்டு எழுதுனியா?"

"முன்னாடிங்க."

"போன வருஷம் அப்பிடிச் செய்யலையே?"

"போன வருஷம் எங்கிட்ட நல்ல புத்தகம் இருந்துச்சு. இந்த வருஷம் இருந்தது ஒண்ணுக்கும் உதவாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அப்புறம் எதுக்கு நான் அதைத் திறக்கறேன்?"

ஹால் அதிர்ந்தது. எல்மர் மட்டும் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். ஒரு கையில் நோட்டு, மறு கையில் புத்தகம். படத்தையும் அவள் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"இந்தப் படத்துல வால் முழுசா இருக்கே" என்றார் கடைசியில்.

"இருக்கலாம். என்னோடதுக்கு ஒரு இறகு முறிஞ்சிருந்துச்சு. பறவையைத்தான எழுத முடியும்?"

எல்மர் அவளைப் பார்த்தார். பிறகு பென்சிலை மேஜைமேல் வைத்தார். ரப்பரைத் தேடவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "பலவண்ணப் பூங்குருவி. ஒண்ணு. வெர்னா கோவாச்."

அறுபது பேர் கை தட்டினார்கள். ஜோனி நாற்காலிமேல் ஏறி விசிலடித்தாள். வெர்னா அழுதாள், சிரித்துக்கொண்டேதான் அழுதாள்.

சத்தம் அடங்கியதும் எல்மர் அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "நாப்பது வருஷமாப் பறவை பாக்கறேன், இது ஒண்ணு எனக்குச் சிக்கவே இல்லம்மா. காலையில விடியறப்ப என்னையும் அங்க கூட்டிட்டுப் போறியா?"

"தாராளமா வாங்க. ஆனா நோட்டு கொண்டாங்க. நீங்க எழுதி முடிக்கறவரைக்கும் புத்தகத்தைக் கண்ணுல காட்டமாட்டேன்" என்றாள் வெர்னா. புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிக் கோட்டுப் பைக்குள் இறக்கி, பொத்தானை மாட்டினாள்.