தினம் ஒரு வாளித் தண்ணீர்

இடுப்பெலும்பு முறிந்து அல்புகர்க்கி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூட டெல்ஃபினா தங்கை ஓர்லிண்டாவை வரவழைத்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "யுக்காச் செடிக்குத் தண்ணி ஊத்தாதேடி. சும்மா வந்து பாத்துட்டுப் போ, போதும்."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்று தெருதான். ஆனால் அண்ணன் செத்த அன்று, "மிளகாய்க் குழம்புல உப்பைக் கொட்டிட்டியா?" என்று எல்லார் எதிரிலும் அக்கா கேட்டுவிட்டாளாம். அதற்காக ஐந்து வருஷம் ஓர்லிண்டா அந்த வாசற்படி மிதிக்கவில்லை. ரோஷம், வேறென்ன!

அக்கா தோட்டத்தில் பன்னிரண்டு வருஷமாகப் பூக்காத அந்தப் பாலைவனச் செடி இந்த மே மாதம்தான் தண்டு விட்டிருந்தது. மொட்டு இன்னும் பிரியவில்லை. "நான் வந்து பாக்குற வரைக்கும் இருக்கணும்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து தினம் போன்.

சும்மா பார்த்துவிட்டுப் போக ஓர்லிண்டாவுக்கு மனசு வரவில்லை. உறுத்தல் கையைச் சும்மா விடுமா? மணலில் காய்ந்து நிற்கிறதே பாவம் என்று ஒரு வாளி ஊற்றினாள். அடி இலை மஞ்சளானது. அடடா, தாகம் போலிருக்கிறது என்று மறுநாளிலிருந்து இரண்டு வாளி. ரோஜா வளர்த்துப் பழகியவள். வேர் அழுகினாலும் இலை மஞ்சளாகும் என்று அவளுக்கு எங்கே தெரியும்!

மூன்றாவது வாரம் தண்டு சாய்ந்தது. நிமிர்த்தப் போனாள், குருத்தே கழன்று கையோடு வந்தது. உள்ளே ஒரே கூழ். அழுகல் நாற்றம். அங்கேயே சரளைக்கல் மேல் உட்கார்ந்து அழுதாள்.

அன்று போனில் அக்கா, "பூத்துடுச்சாடி?" என்றாள்.

"பூத்துடுச்சுக்கா, வெள்ளை வெளேர்னு." சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே சபித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டெல்ஃபினா காரிலிருந்து இறங்கியதும், ஊன்றுகோலை ஊன்றி நேரே தோட்டத்துக்குத்தான் போனாள். அங்கே முழங்கால் உயரத்துக்கு ஓர் அழுகல் கட்டை நின்றது. சுற்றிலும் மண் இன்னும் ஈரம்.

"தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தினேன்கா. பூத்துச்சுன்னு சொன்னதும் பொய். நல்லாத் திட்டு, அடிச்சாலும் சரி."

"எத்தனை நாள் ஊத்தின?"

"தினமும்."

"தினமும் வந்தியா?"

"ஒரு நாள் விடலக்கா."

டெல்ஃபினா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அஞ்சு வருஷமா நானும் இங்கதானேடி இருந்தேன்" என்றாள்.