ரோஸி படிக்காத நான்கு பக்கங்கள்

1

இந்தக் கதை ஓர் அவமானத்தில் பிறந்தது. அவமானப்பட்டவன் நான். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது.

என் பெயர் ராம்குமார். அபிராமபுரத்தில் குடியிருக்கிறேன். அரசியல்வாதிகளுக்கு மேடைப் பேச்சு எழுதித் தருவது தொழில். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் கோதண்டபாணி என் வீட்டுக்கு வந்தார். வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதால், நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் ரோஸியைக் கட்சி நிறுத்தி ஜெயிக்க வைத்திருந்தது. மாநகராட்சி மாமன்றத்தில் ரோஸி பேசப்போகும் முதல் பேச்சை நான் எழுத வேண்டும். சாலையோர மீன் கடைகளை எங்கோ தொலைவில் கட்டியிருக்கும் புதுக் கட்டடத்துக்கு மாற்ற ஒரு தீர்மானம் வருகிறது, ரோஸி அதை ஆதரிக்க வேண்டும் என்றார்.

ரோஸிக்கு இதில் சம்மதமா என்று கேட்டேன்.

"அத நான் பாத்துக்கறேன். நீ உருக்கமா எழுது."

உருக்கமாக எழுதினேன். நான்கு பக்கம்.

(நகரம் நிஜம். கட்சி, மாமன்றம், தீர்மானம், தேர்தல் எல்லாம் என் கற்பனை. யாரும் தேடிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.)

2

கதையை எப்படித் தொடங்குவது?

"கடல் அன்று ரோஸியின் மனதைப் போலவே கொந்தளித்துக்—"

வேண்டாம். அன்று கடல் சும்மாதான் இருந்தது.

"கணவன் டில்லிபாபு கவுன்சிலர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, ரோஸி ஓரமாக நின்று—"

இது நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்து ரோஸியிடமே படித்துக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அது பக்கத்து வார்டு புருஷன் சார். என் ஆளு கடலுக்குப் போவாரு, வருவாரு, தூங்குவாரு. அவர் மேல இன்னாத்துக்குப் பழி போடற?"

அந்த வரியை அடித்துவிட்டேன். ஒரு பெண் தலைவரின் கதை என்றதும் என் பேனா தானாகவே ஒரு கெட்ட கணவனைத் தேடிப் போகிறது. அது பேனாவின் கோளாறு, டில்லிபாபுவின் கோளாறு அல்ல.

ஆகவே, நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். கூட்டத்துக்கு முந்தின மாலை ரோஸி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நான் எழுதியிருந்த 'ஒருங்கிணைந்த நவீன வளாகம்' என்றால் என்ன என்று கேட்டார். விளக்கினேன்.

"நீ அங்க போய்ப் பாத்தியா சார்?"

இல்லை என்றேன்.

"நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

3

மறுநாள் மாமன்றத்தில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் கோதண்டபாணி. ரோஸி எழுந்தார். நான்கு பக்கங்களையும் எடுத்தார், மடித்தார், மேசையில் வைத்தார்.

"இத எழுதிக் குடுத்தவரு நல்லவருதான். ஆனா அவரு மீனே சாப்பிட மாட்டாரு."

சபை சிரித்தது. நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

"கடலுக்குப் போன போட்டு ஆறு மணிக்குக் கரைக்கு வருது. ஒன்பது மணிக்குள்ள விக்கலன்னா மீனு கெட்டுப்பூடும். நீங்க கட்டிவெச்ச எடத்துக்கு ஆட்டோ புடிச்சுப் போய்ச் சேரவே எட்டு ஆய்டும். அங்க ரெண்டு நாளு கூடையோட போய் ஒக்காந்து பாத்தேன். வாங்க ஒரு ஆளு வரல. முந்நூறு பொம்பளைங்க இந்த ரோட்ட நம்பிக்கினு கீறாங்க. நான் கை தூக்க மாட்டேன்."

அந்தக் கணத்தில் வரலாறு தன்—

இல்லை. அந்தக் கணத்தில் கோதண்டபாணி திரும்பி என்னைப் பார்த்தார். கட்சிக் கட்டளையை மீறினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாக்கெடுப்பில் ரோஸி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் இருந்த அதே கட்சி உறுப்பினர் சகினா, பாதி தூக்கிய கையை இறக்கினார். பின்வரிசையில் இன்னும் சில பெண்கள் கையைத் தூக்கவே இல்லை. இரண்டு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது.

வாழ்நாளில் நான் எழுதிய சிறந்த பேச்சு அந்த நான்கு பக்கம்தான் என்று நினைத்திருந்தேன். அன்று முதல் அப்படி நினைப்பதில்லை.

4

ஒரு வாரத்தில் ரோஸியைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள்.

இங்கே கோதண்டபாணியை வில்லனாக்க ஆசை. ஆனால் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முப்பது வருடம் சுவரொட்டி ஒட்டிய மனிதர் அவர். ஒரு முறைகூட அவருக்குச் சீட்டு கிடைத்ததில்லை. நீக்கல் கடிதத்தை அவரே கொண்டுவந்தார். ரோஸி வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாராம். கை ஈரமாக இருக்கிறது, நீங்களே படியுங்கள் என்றாராம். இரண்டு வரி படித்தவர், மீதியைப் படிக்க மனமில்லாமல் கடிதத்தை மடித்துவிட்டாராம். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு வில்லன் செய்ய முடியாது.

கட்சி போனாலும் பதவி இருந்தது. எங்கள் தெருவில் மழைக்குத் தவறாமல் கழிவுநீர் தேங்கும். ரோஸி வந்தார். பொறியாளரைத் தெருவிலேயே தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அடைப்பு எடுக்கும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் மாடியிலிருந்து என் மனைவி இருவருக்கும் காபி அனுப்பினாள்.

5

இந்த வருடம் சட்டமன்றத் தேர்தலில் ரோஸி சுயேச்சையாக நின்றார். சின்னம் இஸ்திரிப் பெட்டி. அபிராமபுரத்திலும் மயிலாப்பூரிலும் தெருவுக்குத் தெரு இஸ்திரி வண்டி நிற்கும். போஸ்டர் ஒட்ட வழியில்லாத வேட்பாளருக்கு ஒவ்வொரு வண்டியும் ஒரு விளம்பரம் ஆயிற்று. பேச்சு எழுதித் தரட்டுமா என்று வெட்கத்தோடு கேட்டேன். வேண்டாம், ஆட்டோவில் என் கூட உட்கார்ந்து வழி மட்டும் சொல்லு என்றார். பதினேழு நாள் வழி சொன்னேன்.

எண்ணிக்கை அன்று பத்தாம் சுற்றில் மூவாயிரம் வாக்கு பின்னால் இருந்தோம். டில்லிபாபு கடலுக்குப் போகாமல் முகவராக உள்ளே உட்கார்ந்திருந்தார். பதினான்காம் சுற்றில் எங்கள் அடுக்குமாடிகளின் வாக்கு இயந்திரங்கள் திறந்தன. பாதி தூரம் ஏறினோம். பதினெட்டில் குப்பத்தின் இயந்திரங்கள். கடைசிச் சுற்று முடிந்தபோது நானூற்றுப் பன்னிரண்டு வாக்கு முன்னால்.

"ரோஸியின் கண்களில் நீர் பெருகி—"

இந்த வரியை அவரே என் பேனாவை வாங்கி அடித்தார். "அழுவல சார். சிரிச்சேன். அப்படியே எழுது."

சிரித்தார். வாயிலில் காத்திருந்த பெண்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டே முடிவைத் தெரிந்துகொண்டார்கள். குலவைச் சத்தத்தில் போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் காதைப் பொத்திக்கொண்டார். ஆட்டோக்கள் கடற்கரை வரை ஹாரன் அடித்துக்கொண்டே போயின. நானும் ஒன்றில் தொங்கிக்கொண்டு, தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

6

முடிவு ஒன்று: மறுநாள் காலை ஆறு மணிக்கே எம்.எல்.ஏ. ரோஸி மீன் கூடையோடு சாலையோரம் உட்கார்ந்தார். பத்திரிகைகள் இதைத்தான் விரும்பும். ஆனால் அவர் பத்து மணிவரை தூங்கினார்.

முடிவு இரண்டு: பத்தரைக்குக் கோதண்டபாணி சால்வையோடு வந்தார். ஆட்சி அமைக்கக் கட்சிக்கு ஓர் ஆள் குறைகிறது, திரும்பி வந்தால் மந்திரி பதவி என்றார். ரோஸி கதவைச் சாத்தினார். அவர் வந்தது நிஜம், கதவைச் சாத்தியது பொய். உட்காரவைத்து டீ கொடுத்தார்.

உண்மையில் அவர் சொன்னது இதுதான்:

"அண்ணே, ஓட்டு போட்டவங்கள கேக்காம நான் இன்னா சொல்றது? ஞாயித்துக்கிழம நாலு மணிக்குக் கடக்கரைல கூட்டம். அவங்க கை தூக்கட்டும்."

நான் இதை எழுதுவது வியாழக்கிழமை. நீங்கள் படிக்கும்போது ஞாயிறு கடந்திருக்கலாம். அப்படியானால் என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். கடக்கவில்லை என்றால், மணல் சூடாக இருக்கும், செருப்போடு வாருங்கள். இந்தத் தொகுதியில் உங்களுக்கு ஓட்டு இருந்தால், கையும் உண்டு.