ஒட்டு எழுத்து

மோட்டார் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு என்றதும் அந்த வட்டாரமே வயிற்றில் அடித்துக்கொண்டது. ஒரே ஒருவருக்கு மட்டும் வாயெல்லாம் பல். கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் போர்டுக்காரர்தான் அவர். வேலை போனவன் என்ன செய்வான்? நாலு இடம் ஏறி இறங்குவான், எதுவும் படியாது. கடைசியில், 'எவன்கிட்டயும் கை கட்டி நிக்க வேணாம்' என்று வீட்டு முன்னறையிலேயே ஒரு கடையைத் திறப்பான். கடைக்குப் போர்டு வேண்டாமா?

கம்பிக்காரரும் அப்படித்தான் வந்து சேர்ந்தார். தொழிற்சாலையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றியவர். போர்டுக்காரரின் தங்கையைக் கட்டியவர் என்பதால், உரிமையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மச்சான், மோட்டார் ரிப்பேர் கடை வைக்கிறேன். நல்ல போர்டா ஒண்ணு போட்டுக் குடுங்க."

"வாங்க மொதலாளி. மாப்ளைக்கு இல்லாததா?" என்றார் போர்டுக்காரர்.

போர்டு அழகாகத்தான் வந்தது. நீலத் தகட்டில் வெள்ளை எழுத்து. கம்பிக்காரரின் மனைவி தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக் கண் கலங்கினாள். பாவி மனுஷன், கூடப்பிறந்தவளிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

போர்டுக்காரரிடம் இரண்டு வகை எழுத்து உண்டு. தாக்குப்பிடிப்பான் என்று தோன்றும் ஆளுக்கு, ஓவியரை வைத்துப் பெயின்ட்டில் எழுதிக் கொடுப்பார். சீக்கிரம் மூடிவிடுவான் என்று பட்டால் ஸ்டிக்கரை வெட்டி ஒட்டுவார். கடை படுத்ததும் தகட்டைத் திரும்ப வாங்கி, எழுத்தை உரித்துவிட்டு அடுத்தவன் தலையில் கட்டலாமே! வேலை போய் வருகிற அத்தனை பேருக்கும் ஒட்டுதான். ஆளைப் பார்த்தே கணித்துவிடுவதாகப் பெருமை வேறு.

இந்தச் சங்கதி கடைத்தெரு முழுக்கத் தெரியும், போர்டு வாங்குகிற அப்பாவியைத் தவிர. செம்புக் கம்பி மொத்த வியாபாரி வந்து, வெயிலில் மினுங்கிய எழுத்தைப் பார்த்தபடியே வாசலில் நின்றுவிட்டார்.

"கடனுக்குச் சரக்கு எறக்க முடியாதுங்க."

"ஏங்க, என் வேலை உங்களுக்குத் தெரியாததா?"

"வேலை தெரியும். ஆனா போர்டு ஒட்டு எழுத்தா இருக்கே. உங்க மச்சானே உங்கள நம்பல, நான் எப்படி நம்புறது?"

கம்பிக்காரருக்கு அவமானத்தில் காது சூடேறிவிட்டது. நேரே மச்சானிடம் போனார்.

"பெயின்ட்ல மாத்தி எழுதிக் குடுங்க மச்சான். உங்க தங்கச்சி முகத்துக்காகவாவது."

"நான் ஒட்டிக் குடுத்த கடை எதுவும் நின்னதா சரித்திரமே இல்ல மாப்ள. எதுக்கு வீணாப் பெயின்ட்டு?"

"நீங்க ஒட்டுறதாலதான் நிக்கல."

"மூடுறவன் எல்லாரும் சொல்றதுதான் இது," என்று சிரித்தார் போர்டுக்காரர்.

கம்பி இல்லாமல் எதைச் சுற்றுவது? ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் மோட்டாரைத் திரும்பத் தூக்கிப் போனார்கள். கடை படுத்தது. போர்டைச் சுமந்து வந்தவரிடம், தன் கணிப்பு பலித்ததைப் போர்டுக்காரர் சந்தோஷமாகச் சொல்லிக் காட்டினார். கம்பிக்காரர் அதை விழுங்கிக்கொண்டு அவரிடமே வேலை கேட்டார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

"ஆள் வச்சா சம்பளம், லீவுன்னு ஆயிரம் தலைவலி. எழுத்து ஒட்டுங்க, ஒரு எழுத்துக்கு இவ்வளவுன்னு தந்துடுறேன். இதுவும் சொந்தத் தொழில்தான் மாப்ள."

அடுத்த ஆட்குறைப்பு வந்தது. போர்டுக் கடைக்குக் கூட்டமும் வந்தது. அதில் ஒருவர், தொழிற்சாலையில் கம்பிக்காரரின் பக்கத்து மேசையில் இருந்தவர். மதியச் சாப்பாட்டை இருவரும் பங்கிட்டுத்தான் தின்பார்கள்.

"அட, நீ இங்கதான் இருக்கியா? நல்லதாப் போச்சு. சைக்கிள் கடை வைக்கிறேன்டா. வீட்டுல இருந்ததெல்லாம் இதுலதான் போட்டிருக்கேன். உன்ன நம்பி விடுறேன், நல்லா நிக்கிற மாதிரி பண்ணிக் குடு."

உள்ளிருந்து போர்டுக்காரர் குரல் கொடுத்தார். "மாப்ள, பெயின்ட்டா, ஒட்டா? ஆளைப் பாத்து நீங்களே சொல்லுங்க."

பெயின்ட் என்றால் கூலி ஓவியருக்கு. கம்பிக்காரர் நண்பனின் முகத்தைப் பார்த்தார். அது அவரை நம்பிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஒட்டு மச்சான்," என்றார். பிறகு நண்பனின் பக்கம் திரும்பினார்.

"கடைப் பேரு ரொம்பச் சின்னதா இருக்குடா. கொஞ்சம் நீளமா வையேன், பாக்க எடுப்பா இருக்கும்."