தள்ளுபடிக்குக் காரணம்

நாமக்கல் முன்சீப் கோர்ட்டில் நான் வக்கீல் குமாஸ்தா. கட்சிக்காரர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: ஜெயமா, தோல்வியா? பதினெட்டு வருஷத்தில் வேறு கேள்வி கேட்டவர் புதுச்சத்திரம் கண்ணாத்தாள் ஒருவர்தான்.

புருஷன் இறந்தபின் அந்தம்மாவுக்கு ஒரு ஏக்கர் மிளகாய்த் தோட்டம்தான் பிழைப்பு. பொதுக் கிணற்றுத் தண்ணீர் அங்கே போக வேண்டுமானால் கொழுந்தன் சின்னுசாமியின் காட்டு வழியாக ஓடும் வாய்க்காலில்தான் போக வேண்டும். அதை அடைக்கப் போவதாக அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். வாய்க்கால் உரிமைக்கு வழக்குப் போட்டோம். அது முடிய வருஷக்கணக்காகும் என்பதால், அதுவரை அடைக்கக் கூடாதென்று இடைக்காலத் தடை கேட்டுத் தனியாக ஒரு மனுவும் போட்டோம்.

அந்த மனுதான் 1938 பங்குனியில் தள்ளுபடியானது.

எங்கள் வக்கீல் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டார். சேதி சொல்லும் புண்ணியம் வழக்கம்போல என் தலையில் விழுந்தது. அதற்குள் சின்னுசாமி வராந்தாவில் எல்லோருக்கும் மைசூர்பாகு நீட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று தந்தார். வாங்கிக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

"நாளைக்குக் காலையில மம்முட்டியோட வாரேனுங்க நங்கையா. வாய்க்காலுக்குக் கடைசிக் கும்பிடு போட்டுக்குங்க" என்றார் அண்ணன் மனைவியிடம்.

கண்ணாத்தாள் அவரைப் பார்க்கவே இல்லை. "ஏனுங்க, எதுக்குத் தள்ளுனாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"தள்ளுபடின்னா தள்ளுபடிதாம்மா. வழக்கு அப்படியே இருக்கு. இந்த மனு மட்டும் போச்சு."

"அது தெரியுதுங்க. ஏன் போச்சுன்னு கேக்கறேன். முன்சீப் அய்யா சும்மா தள்ளிருப்பாருங்களா? காரணம் எளுதிருப்பாரல்லங்க?"

எழுதியிருப்பார்தான். நான் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்திருந்தேன். எரிச்சலோடு உள்ளே போய் உத்தரவை முழுசாகப் படித்தேன். எனக்கு வெட்கமாகிவிட்டது. இங்கிலீஷில் இருந்ததைத் துண்டுத்தாளில் தமிழாக்கிக் கொண்டுவந்து, வராந்தாவில் நின்று சத்தமாக வாசித்தேன்.

"வாய்க்காலை அடைக்கும் எண்ணமே தமக்கு இல்லை, வழக்கு முடியும்வரை அடைக்கப்போவதும் இல்லை என்று எதிரி சின்னுசாமி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருக்கிறார். கோர்ட் அதை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே தடை உத்தரவு தேவையில்லை. மனு தள்ளுபடி."

சின்னுசாமியின் வாயில் மைசூர்பாகு பாதியில் நின்றது.

"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?"

"போன மாசம் கையெழுத்துப் போட்டீங்களே, அந்தக் காகிதத்துல."

"அது மனுவை ஒடைக்கற காயிதம்னு எங்க வக்கீலய்யா சொன்னாருங்க!"

"அதுதான் உடைச்சிடுச்சே. இனிமே அடைச்சா, கோர்ட்டுக்குக் கொடுத்த வாக்கை மீறினதா ஆகும். ஜெயிலுக்குக்கூடப் போக நேரும்."

மிச்சப் பொட்டலத்தை அவர் மடித்துக் கட்டினார். முகம் சிவந்துவிட்டது.

"அப்ப இந்தத் தள்ளுபடியத் தள்ளுபடி பண்ணச் சொல்லுங்க!"

"ஐயோ, வேண்டாமுங்க கொழுந்தனாரே" என்றார் கண்ணாத்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே. "நீங்க செயிச்சது செயிச்சதாவே இருக்கட்டும். நான் போயி மொளகாய்க்குத் தண்ணி கட்டோணும்."