எங்கள் கால் சுவையானது

2024 பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. மன்னார்த் தீவில், கீரிக் கடற்கரைக்குப் போகும் வீதியோரம், "எங்கள் கால் சுவையானது" என்று சிங்களத்தில் எழுதிய பலகையொன்று நாட்டப்பட்டது.

நாட்டியவள் றஞ்சினி. ஓலைக் கொட்டிலொன்றில் சோறும் நண்டுக் கறியும் விற்பவள். அவள் எழுத நினைத்தது நண்டைப் பற்றி. சிங்களத்தில் நண்டு கக்குளுவா, கால் கக்குல. மீன் ஏற்ற வரும் கூலர் லொறிக்காரர் சிங்களத்தில் பேசும்போது காதில் விழுந்த சொல்லின் தலையை மட்டும் பிடித்துக்கொண்டு, மச்சாள் சோபனாவின் பாடப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறாள். மிருகங்களின் பக்கத்துக்கு முன்னால் உடல் உறுப்புகளின் பக்கம் வந்துவிட்டது.

சோபனா றஞ்சினியின் கணவன் சந்தியோகுவின் தங்கை. சிங்களப் பாடநெறியில் விசேட சித்தி. சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள், அலுமாரிக்கு மேலே தொங்குகிறது. பலகையை எழுதித் தரும்படி முதலில் அவளிடம்தான் கேட்டார்கள்.

"ஒரு கிழமை தாங்கோ, மச்சாள். அகராதி பாத்து வடிவா எழுதித் தாறன்" என்றாள்.

அடுத்த கிழமை கேட்டபோதும் ஒரு கிழமைதான் கேட்டாள். அதற்கு அடுத்த கிழமையும். றஞ்சினிக்கு அவ்வளவு கிழமைகள் இல்லை. உயிர்த்த ஞாயிறுக்குள் தெற்கிலிருந்து வரும் சுற்றுலா பஸ் ஒன்றாவது வாராவாரம் நிற்காவிட்டால், கொட்டிலைத் தன் ஒன்றுவிட்ட தம்பி நிறோஜனுக்கு டயர்க் கடை போடக் கொடுப்பதாகச் சந்தியோகு வாக்குக் கொடுத்திருந்தார். நிறோஜன் அவசரக்காரன். டயர்களை முன்கூட்டியே கொண்டுவந்து கொட்டிலின் பின்புறம் அடுக்கிவிட்டான். கதிரை போதாத நேரம் சாப்பிட வந்தவர்கள் அதில் உட்கார்ந்தார்கள்.

பலகை நாட்டிய அன்றே கடற்கரைக்குப் போன பஸ் ஒன்று அதைக் கடந்து, நின்று, பின்னோக்கி வந்தது. நடத்துநர் சமிந்த முதலில் இறங்கினார். பலகையைப் பார்த்தார். றஞ்சினியைப் பார்த்தார். தன் காற்சட்டையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, இதையா விற்கிறீர்கள் என்று சைகையில் கேட்டார். பிறகு இரண்டு விரல்களைக் கொடுக்குப் போல விரித்துக் காட்டி, "கக்குளுவா" என்றார்.

"கக்குளுவா" என்றாள் றஞ்சினி. இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்களும் சேர்ந்து சொன்னார்கள். சொல்லிக்கொடுக்க இறங்கியவர்கள் பசித்துச் சாப்பிட்டார்கள். போகுமுன் எல்லோரும் பலகையருகே நின்று ஒரு காலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிழை விட்டுப் பழகுவது றஞ்சினிக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில், மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன் மன்னாருக்குத் திரும்பி வந்த புதிதில் கடையொன்றில் உட்கார ஒரு "சேர்" கேட்டாள். கடைக்காரர் தன்னைத்தான் "சேர்" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "சொல்லுங்கோ பிள்ளை" என்றார். கதிரை என்ற சொல் அன்று பதிந்தது.

அடுத்த ஞாயிறும் பஸ் நின்றது. சமிந்த உப்புக் கேட்டார். உப்பு லுணு, வெங்காயம் லூணு. றஞ்சினி ஒரு தட்டு வெங்காயம் நறுக்கிக் கொண்டுவந்தாள். பக்கத்து மேசைக்காரர் வெங்காயம் கேட்டபோது உப்புச் சிரட்டையை நீட்டினாள். இரண்டு மேசைகளும் பண்டமாற்றுச் செய்துகொண்டு, அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீட்டியும் குறுக்கியும் சொல்லவைத்தன.

அதற்கு அடுத்த ஞாயிறு, வாருங்கள் என்பதற்குச் சிங்களத்தில் "என்ன" என்று அறிந்து, வீதியில் நின்று "என்ன, என்ன" என்று கையசைத்துக் கூப்பிட்டாள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"ஒண்டுமில்லைத் தங்கச்சி. சும்மா கோயிலடிக்குப் போறன்."

சோபனா இவ்வளவையும் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒரு பெண் அவளிடம் தண்ணீர் கேட்டாள். பதில் வசனத்தை எழுவாயிலிருந்து பயனிலை வரை மனதில் அடுக்கி, விகுதியைச் சரிபார்த்து முடித்தபோது, பஸ் தலைமன்னாருக்குப் போய்விட்டது.

எதிரே கொத்துரொட்டிக் கடை வைத்திருந்தவர் பைசர். சிலாவத்துறைக்காரர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்ததில் சிங்களம் தண்ணீராக ஓடும். அவருடைய பலகையில் பிழையே கிடையாது.

"தங்கச்சி, இண்டைக்கு எத்தினை கால் வித்தீங்கள்?" என்று வீதிக்கு அப்பாலிருந்து கேட்டார்.

"என்ரை ரெண்டும் வித்துப்போட்டன், பைசர் நானா. இனி உங்கட காலைத்தான் கடன் கேக்கவேணும்."

மார்ச் இரண்டாம் ஞாயிறு சமிந்த ஒரு செய்தி சொன்னார். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய குருத்து ஞாயிறன்று பஸ் முதலாளியம்மா தானே வருவார். பைசரின் கடையா, றஞ்சினியின் கடையா, மதியச் சாப்பாட்டுக்கு எங்கே நிரந்தரமாக நிற்பது என்று பார்த்து முடிவு செய்வார்.

இதைக் கேட்ட சோபனா அன்று மாலையே பெயின்ட் வாங்கிவந்து பலகையைத் திருத்தினாள். கால் நண்டாகியது. எழுத்துகள் அச்சுப் போல இருந்தன. அடுத்த ஞாயிறு சமிந்த லீவு. புதிய நடத்துநருடன் வந்த பஸ் பலகையைக் கவனிக்காமல் எதிரே பைசரின் கடை முன் நின்றது.

"ஏன் இப்பிடிச் செய்தனி?" என்றாள் றஞ்சினி.

"முதலாளியம்மா வந்து அந்தப் பிழையைப் பாத்தா எங்களுக்கு வெக்கமில்லையோ, மச்சாள்?"

"வெக்கத்தைப் பாக்க பஸ் நிண்டது. உன்ரை சரியைப் பாக்க ஒரு நாயும் நிக்கேல்லை."

"அப்ப பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு திருப்பி எழுதுங்கோவன்."

றஞ்சினி தூரிகையை எடுத்தாள். பலகைவரை கொண்டுபோனாள். பிறகு கீழே வைத்தாள்.

"ஏலாது. இப்ப எனக்குச் சரி தெரிஞ்சுபோச்சு. பொய்க்குப் பிழை விட்டா சமிந்த கண்டுபிடிச்சிடுவார்."

குருத்து ஞாயிறு, மார்ச் 24. பூசை முடிந்து வந்து பார்த்தால் சட்டியில் நண்டு இல்லை. சந்தியோகுவின் படகு பிந்தியிருந்தது. றஞ்சினி பறிக்கூடையோடு கரைக்கு ஓடினாள். அவள் போன கையோடு பஸ் வந்தது. சமிந்த முன்னால் வர, முதலாளியம்மா குடை பிடித்தபடி பின்னால் இறங்கினார். பைசர் எதிரே வாசலில் நின்று அழகான சிங்களத்தில் வரவேற்றார். அம்மாவின் ஒரு கால் அந்தப் பக்கம் திரும்பியது.

கொட்டிலில் சோபனா மட்டும் இருந்தாள். பின்னால் டயர்கள் இருந்தன. வசனம் அடுக்க நேரமில்லை. வாசலுக்கு ஓடிவந்து வாயைத் திறந்தாள்.

"அபிட்ட கக்குல் நே!"

எங்களுக்குக் கால் இல்லை என்று அதற்குப் பொருள். அம்மா குடையைத் தாழ்த்தி, ஓடிவந்த கால்களைப் பார்த்தார். சோபனா நிறுத்தவில்லை. கால் கடலுக்குப் போயிருக்கிறது, அண்ணா பிடித்துக்கொண்டு வருவார், நல்ல கொழுத்த கால், கொஞ்சம் இருங்கள் என்று, இலக்கணம் ஒன்றும் பிசகாத சிங்களத்தில் சொல்லி முடித்தாள். சமிந்த கொட்டில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸிலிருந்தவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அங்கே போகவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கால் வருவதைப் பார்த்துவிட்டே போவது என்று அம்மா டயர் அடுக்கொன்றில் உட்கார்ந்தார்.

றஞ்சினி பறியோடு வந்தபோது, "கால் வந்துவிட்டதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கால் இல்லை அம்மா, நண்டுகள். கக்குளுவோ" என்று றஞ்சினி சிங்களத்திலேயே சொல்லிவிட்டு, மச்சாளிடம் திரும்பினாள். "எங்க, சொல்லு பாப்பம்."

"கக்குளுவோ" என்றாள் விசேட சித்திக்காரி.

"வடிவா."

பஸ் முழுவதும் சேர்ந்து சொன்னது. அன்று சோபனாதான் பரிமாறினாள். உப்புக் கேட்டவருக்கு வெங்காயம் கொடுத்தாள்.

உயிர்த்த ஞாயிறிலிருந்து பஸ் றஞ்சினியின் கொட்டிலில் நிற்கிறது. பலகையில் நண்டு என்றே எழுதியிருக்கிறது. நிறோஜன் பைசரின் கடைக்குப் பின்னால் இடம் எடுத்து டயர்களை அங்கே கொண்டுபோனான். கொட்டிலுக்குப் புதிதாக ஆறு கதிரைகள் வாங்கப்பட்டன.