இருபத்தெட்டு நாள் மாசம்

இப்பல்லாம் மனுசனை மனுசன் வாய் திறந்து கூப்பிடுவது கேவலமாகிவிட்டது. வாசலில் வந்து நின்றுகொண்டு, உள்ளே இருக்கிறவனுக்கே போன் போட்டு, "வெளிய வா" என்கிறான். தொண்டை என்ன வாடகைக்கா போயிருக்கிறது? சுத்துக்கேணி கூட்டு ரோட்டில் விடியற்காலை ஐந்தரைக்கு நின்றுகொண்டு நாகமுத்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். சாக்கு சுற்றிய கரும்புக் கத்தி தோளில். கையில் பழைய சோறு போட்ட தூக்கு. போன வருசம் வரைக்கும் இதே இடத்தில் முப்பது பேர் நிற்பார்கள். இன்றைக்கு அவரும் ஒரு நாயும்தான்.

டிராக்டர் வந்தது. டிரெய்லர் நிறைய ஆட்கள். டிரைவர் பக்கத்தில் மேஸ்திரி கமலக்கண்ணன்.

"மேஸ்திரி! ஒரு ஆள ஏத்திக்க."

"ரொம்பிப் போச்சு பெருசு. நேத்து சாயங்காலமே எல்லாருக்கும் மிஸ்டு கால் உட்டுட்டேனே."

"எனக்கு எங்க உட்ட?"

"உங்கிட்ட இன்னா இருக்குது, உடறதுக்கு? மொதல்ல ஒரு செல்ல வாங்குய்யா."

டிரெய்லரிலிருந்து எவனோ, "பெருசுக்குப் புறா உடு மேஸ்திரி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டிராக்டர் போய்விட்டது. ஒன்பதாவது நாளாகத் தூக்கு திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது.

கமலக்கண்ணன் கண்டுபிடித்த ஏற்பாடு அது. மறுநாள் வேலை இருந்தால் சாயங்காலம் ஒவ்வொருவர் போனிலும் ரெண்டு தரம் மணி அடிக்கவிட்டு நிறுத்திவிடுவார். எடுத்துப் பேசினால் திட்டுவார். வேலை வேணுமென்கிறவன் உடனே திருப்பி அடிக்க வேண்டும். எந்த நம்பர் முதலில் விழுகிறதோ அந்தப் பெயர் முதலில். பதினெட்டு பேர் சேர்ந்ததும் பட்டியல் முடிந்தது. மேஸ்திரிக்குக் காசும் இல்லை, பேச்சும் இல்லை.

"வாங்கித் தொலைய வேண்டியதுதான" என்றாள் அமுதம். அவர் பெண்டாட்டி. "மாசியில பெரிய பண்ண வெட்டு ஆரம்பிக்குதாம். மொத நாள் ஏறுனவங்களுக்குத்தான் பங்குனி கடைசி வரிக்கும் வேல. நடுவுல ஒருத்தரையும் சேக்க மாட்டாங்களாம். அதுலயும் உட்டுட்டு இன்னாத்த துன்றது?"

தை அமாவாசையன்றைக்கு யாரும் கத்தி எடுப்பதில்லை. அமுதம் வளர்த்த பொட்டை ஆட்டுக்குட்டியை விற்ற காசை மடியில் முடிந்துகொண்டு நாகமுத்து திருக்கனூர் கடைத்தெருவுக்கு சைக்கிளில் போனார். ஹமீது பாய் கடையில் கண்ணாடிப் பெட்டி முழுக்க செல்லாக அடுக்கியிருந்தது.

"டச்சா, பட்டனா பெரியவரே?"

"எனக்கு ஒரு சத்தம் வரணும். திருப்பி ஒரு சத்தம் போவணும். அவ்ளோதான்."

"அப்ப பட்டன் போதும். டார்ச்சு இருக்குது, ரேடியோ இருக்குது."

"ரேடியோவ எடுத்துட்டா வெல கொறையுமா?"

ஹமீது சிரித்தார். "அது கூடவே பொறந்தது, எடுக்க முடியாது."

பட்டன் ஒவ்வொன்றையும் நாகமுத்து அழுத்திப் பார்த்தார். காய்த்துப்போன கட்டைவிரலுக்கு ரெண்டு பட்டன் சேர்ந்து அமுங்கியது. பெரிய பட்டன் உள்ளதாக வேறொன்று எடுத்துக் கொடுத்தார் பாய். காதில் வைத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். சிம்முக்கு ரேகை வைக்கச் சொன்னபோது, "எதுக்கு? நெலத்தையா எழுதி வாங்கற?" என்று கேட்டுவிட்டு ஐந்து தடவை வைத்தார். ஐந்தாவது தடவைதான் ரேகை விழுந்தது.

"இப்ப பிளான் போடணும். எம்பத்தி நாலு நாளுக்கு ஒண்ணு இருக்குது. ஒருவாட்டி போட்டுட்டா பங்குனி தாண்டிப் போவும். அதுதான் லாபம்."

"மூணு மாசத்துக்கு இப்பவே குடுக்கணுமா? நடுவுல நான் செத்தா மிச்சத்த எவன் குடுப்பான், நீயா?"

"இன்னா பெரியவரே, நல்ல நாளும் அதுவுமா! சரி, சின்னது போடறேன். இருவத்தெட்டு நாள்."

"அப்படின்னா ஒரு மாசம்."

"மாசம்னு இல்ல, இருவத்தெட்டு..."

அதற்குள் ஒரு பெண் உடைந்த போனோடு வந்து, நேற்றே தருவதாகச் சொன்னீர்களே என்று சத்தம் போட ஆரம்பித்தாள். ஹமீது அந்தப் பக்கம் திரும்பினார்.

"பாய், இன்னிக்கு அமாவாச. அமாவாசைக்கு அமாவாச வந்து போட்டுக்கறேன். செரிதான?"

"ஆமாமா, போட்டுக்கலாம்" என்றார் ஹமீது, அந்தப் பெண்ணின் போனைப் பிரித்தபடியே.

நம்பரை மேஸ்திரியிடம் கொடுத்தாயிற்று. போன் வேலை செய்தது, பொய் சொல்லக்கூடாது. சாயங்காலமானால் நாகமுத்து அதை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். ரெண்டு தரம் மணி அடித்து நிற்கும். அமுதம் பச்சைப் பட்டனை ரெண்டு தரம் அழுத்தக் கற்றுக்கொடுத்திருந்தாள். பதினாலு நாள் வேலைக்குப் போனார். ஆனாலும் அவருக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. கடைசி மூன்று நாளாக அது 'டிங்' என்று எதையோ கொண்டுவந்து போட்டது. அமுதத்துக்கும் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு அம்சவள்ளியிடம் காட்டலாம் என்றாள்.

"ஒருத்தர்கிட்டயும் காட்டாத. கம்பெனிக்காரன் காசு புடுங்கறதுக்குப் போடறான். எனக்குத் தெரியாதா?"

மாசி அமாவாசைக்கு இன்னும் ரெண்டு நாள் இருந்தது. பொழுது சாய்ந்து ஆறே முக்காலுக்கு மணி அடித்தது. ஒன்று. ரெண்டு. நின்றது.

"பெரிய பண்ண வெட்டுதான்!" என்று அடுப்படியிலிருந்து அமுதம் ஓடிவந்தாள்.

நாகமுத்து பச்சைப் பட்டனை ரெண்டு தரம் அழுத்தினார். மணி போகவில்லை. ஒரு பெண் குரல், நிதானமாக, திட்டத்தின் காலம் முடிந்துவிட்டது, ரீசார்ஜ் செய்யவும் என்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி அதே பெண், அதே நிதானம்.

"யாரும்மா நீ? மேஸ்திரிகிட்ட குடு!"

"அது மெசினுய்யா" என்றாள் அமுதம். "அம்சவள்ளி போன்ல அடிச்சிப் பாக்கலாம்."

அடித்தார்கள். தெரியாத நம்பரை மேஸ்திரி எடுப்பதில்லை. எடுக்கவும் இல்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு திருக்கனூருக்கு மிதித்தார். ஹமீது கடையில் வந்து நின்றபோது மூச்சு வாங்கியது. போனை மட்டும் நீட்டினார்.

"நேத்தோட முடிஞ்சுட்டுதே பெரியவரே."

"அமாவாசைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குது பாய்! நான் கேட்டேன், நீ ஆமான்னு சொன்ன."

"நான் சொன்னேனா?" ஹமீது முகம் சுருங்கியது. "கம்பெனிக்கு அமாவாச ஏது, பவுர்ணமி ஏது? இருவத்தெட்டு நாள்னா இருவத்தெட்டு நாள்தான்."

"மாசத்துக்கு முப்பது நாளு. எவன் அத ரெண்டு நாள் கொறச்சான்?"

"அவங்க கணக்கு அப்படி."

"அப்ப வருசத்துக்குப் பன்னண்டு தரம் இல்ல, பதிமூணு தரம் வாங்கறான்."

ஹமீது தன் போனைக் கையில் எடுத்தார். "படிச்சவங்களே இதப் பாக்கறதில்ல பெரியவரே" என்றார். கமிசன் எடுக்காமல் ரீசார்ஜ் போட்டுக் கொடுத்தார். நாகமுத்து அங்கேயே நின்று அழுத்தினார். இந்தத் தடவை மணி போனது. எத்தனை தரம் அடித்தும் எவரும் எடுக்கவில்லை. மணி ஏழே முக்கால்.

காலையில் ஐந்து மணிக்கே சைக்கிளில் கூட்டு ரோட்டுக்கு வந்துவிட்டார். டிராக்டர் வந்து நின்றது. கமலக்கண்ணன் இறங்கினார்.

"பெருசு, நீ லிஸ்ட்ல இல்ல."

"எதிர்ல நிக்கறேன். கையில கத்தி இருக்குது. இன்னும் இன்னா வேணும்?"

"நீ திருப்பி அடிக்கலியே. ராத்திரி ஏழு மணிக்கே பதினெட்டு பேரோட லிஸ்ட்ட பண்ணைக்கு அனுப்பிட்டேன். இனிமே ஒரு பேர எடுத்துட்டு இன்னொரு பேரப் போட முடியாது."

"மாசத்துக்கு முப்பது நாளுன்னு நம்பினேன் மேஸ்திரி. அது தப்பா?"

"அத எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கற? அடுத்த சீசனுக்குப் பாக்கலாம் போ."

டிரெய்லரில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் குனிந்து கையிலிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகமுத்து எண்ணிப் பார்த்தார். பதினேழு பேர்தான் இருந்தார்கள். பின்பக்கப் பலகையோரம் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம்.

"பதினேழுதான இருக்குது?"

"புகழ்வேந்தன் வரணும்" என்றார் மேஸ்திரி.

டிரைவர் ஹாரன் அடித்தான். தெரு முனையில் ஒருவரும் இல்லை. கமலக்கண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"இருவத்தெட்டு நாள் மாசம் எவன் போட்ட கணக்கா இருந்தாலும் நான் ஒத்துக்க மாட்டேன்" என்று நாகமுத்து சொன்னார். கத்தியை சைக்கிள் கேரியரில் செருகிக் கயிற்றால் கட்டினார். சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டு நடந்தார்.

பின்னால் டிராக்டர் இன்ஜினை நிறுத்தாமல் நின்றது. மேஸ்திரியின் குரல் கேட்டது.

"டேய் புகழு, இன்னும் எழுந்துக்கலியாடா? பரவால்ல, மொகம் கழுவிட்டு மெதுவா வா. உனக்காகத்தான் நிக்கறோம்."