மந்திரிச் சுவர்

ஸ்ட்ரெச்சர் மூலையில் திரும்பி ஏணிப்படிக்கு வந்து சேர்ந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. பின்பக்கம் தூக்கி வந்த மாலுமியின் வலது முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும்போது அது சுவர் இருக்க வேண்டிய கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டு உள்ளே போனது. அந்த இடத்தில் சுவர் இருந்திருந்தால் அது வந்திருக்கவே முடியாது. ஆனால் சுவர்தான் திறந்து கிடந்ததே.

எங்கள் கப்பல் கட்டும் யார்டு ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரையில் இருக்கிறது. அதில் ஒரு கொட்டகைக்குள், இன்னும் பிறக்காத ஒரு போர்க்கப்பலின் சிறு துண்டை ஒட்டுப்பலகையில் அசல் அளவுக்கே செய்து வைத்திருந்தார்கள். புதிய வகைக் கப்பல். இதுவரை இந்த ஆற்றில் இறங்கிய எதையும்விடப் பெரியது. இரும்பை வெட்டுவதற்கு முன்னால் மாலுமிகளை வரவழைத்து, இந்தப் பலகைக் கப்பலில் படுக்கவும் நடக்கவும் ஓடவும் விட்டுப் பார்ப்போம். தப்பு இருந்தால் பலகையிலேயே தெரிந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. படுக்கைகள், கழிப்பறைகள், நடைபாதைகள், படிகள், இவையெல்லாம் என் பொறுப்பு. கப்பல் எவ்வளவு பெரிதானாலும் மனிதர்களுக்கு மிஞ்சியதுதான் கிடைக்கும். ஆயுதக்காரர்கள், எஞ்சின்காரர்கள், கேபிள்காரர்கள் எல்லோரும் எழுந்துபோன பந்தியில் கடைசி இலையில் உட்காருகிறவள் நான். வசந்த காலத்தில் புது ரேடாருக்கென்று கேபிள்கள் இன்னும் கூடின. அவற்றை மூடும் பெட்டி என் நடைபாதையின் மூலையில் வந்து நின்றது. நான் கத்தினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பெட்டி அங்கேயே நின்றது.

மந்திரிச் சுவரின் கதையும் சொல்ல வேண்டும். பலகைக் கப்பல் முடிந்த முதல் வாரமே லண்டனிலிருந்து ஒரு மந்திரி வந்து, குனியாமல் உள்ளே நுழைந்து, நெற்றியில் இடித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நடைபாதையின் ஒரு பக்கச் சுவருக்குக் கீல் போட்டு, கதவு போலத் திறக்கும்படி செய்துவிட்டார்கள். வருகிற பெரிய மனிதர்கள் வெளியே நின்றபடியே எட்டிப் பார்க்கலாம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். கோடை முழுக்க யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். திறந்த சுவர் திறந்தபடியே கிடந்தது. வெளிச்சம் நன்றாக வந்தது, உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு டீ நீட்டவும் வசதியாக இருந்தது. அப்படி ஒரு சுவர் அங்கே இருக்க வேண்டும் என்பதையே நாங்கள் எல்லோரும் மறந்துபோனோம். நானும்தான்.

ஸ்ட்ரெச்சரில் கட்டிப் படுத்திருந்தவள் மொர்வென்னா என்ற மாலுமிப் பெண். கார்ன்வாலிலிருந்து வந்தவள், இருபது வயதுகூட இருக்காது. காயம்பட்டவரைத் தூக்கிப்போகும் இந்தச் சோதனைக்கு எப்போதுமே இருப்பதில் எடை குறைந்தவரைத்தான் படுக்க வைப்பார்கள்; தூக்குகிறவர்கள் தேர்ந்தெடுப்பதாயிற்றே. வார்களை அவிழ்த்ததும் அவள் கண்ணைத் திறந்தாள்.

"முடிஞ்சிருச்சா? நான் பயத்துல கண்ணையே தொறக்கல. உள்ள ரொம்ப குறுகலா இருந்துச்சா?"

"இல்லடி, ராணி மாதிரி வந்த" என்றான் முழங்கைக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். கடற்படை அதிகாரி ஹாலெட் அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப அருமையா வந்திருக்கு, இஷ்பெல்" என்றார். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அதற்குள் இறைச்சி அடைத்த சூடான பேஸ்ட்ரி வந்துவிட்டது, எல்லோரும் தட்டை நோக்கி நகர்ந்தார்கள்.

என் மேலதிகாரி கிரெகரைத் தனியாகக் கொட்டகைக்கு வெளியே இழுத்து வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் கையில் பாதி தின்ற பேஸ்ட்ரி.

"மந்திரிச் சுவர் தொறந்திருந்துச்சு, கிரெகர். அந்தப் பையனோட முழங்கை வெளிய வந்துருச்சு. மூடியிருந்தா ஸ்ட்ரெச்சர் திரும்பியிருக்காது."

மெல்லுவதை நிறுத்தினான். "வேற யாராவது பார்த்தாங்களா?"

அவன் கேட்ட முதல் கேள்வியே அதுவாக இருந்தது எனக்குச் சுருக்கென்றது. "நான் பார்த்தேன். அது போதாதா?"

"கோபப்படாத. திங்கக்கிழமை வரைபடத்தைப் பூட்டறோம், அப்புறம் ஒரு கோடுகூட மாத்த முடியாது, உனக்கே தெரியும். அந்தச் சுவரை ஒரு சாண் நகர்த்தினா பின்னாடி குளிரறை நகரணும். அது நகர்ந்தா கேபிள் நகரணும். நாலு மாசம் போயிரும். நாலு மாசம் போனா லண்டன்ல இருக்கிறவங்க வேற யார்டைப் பார்ப்பாங்க, அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க." பேஸ்ட்ரியைக் குப்பைத்தொட்டியில் போட்டான். "அவசரம்னு வந்தா மனுஷன் வழி கண்டுபிடிப்பான். ஸ்ட்ரெச்சரை நிமிர்த்திக் கொண்டு போயிருவாங்க."

"முதுகெலும்பு ஒடிஞ்சவன எப்படி நிமிர்த்துவ?"

கிரெகர் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீ போகாதுன்னு உறுதியா சொன்னா திங்கக்கிழமை நான் நிறுத்தறேன்" என்றான். "ஆனா உறுதியா இருக்கணும். யாரு சொல்லி நின்னுச்சுன்னு இந்த யார்டு முழுக்கத் தெரிஞ்சிரும், இஷ்பெல்."

வீட்டுக்குப் போனால் டூகி எனக்கு முன்பே வந்து மேசையில் சாப்பாட்டை எடுத்து வைத்திருந்தான். என் வீட்டுக்காரன் அதே யார்டில் தகடு வெட்டி வளைப்பவன். இப்போது முடிகிற பழைய வகைக் கப்பலில் கடைசியாக மிச்சமிருக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தான். அது அடுத்த வசந்தத்தில் ஆற்றைவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு அவனுக்கும் அவன் கூட்டத்துக்கும் இந்தப் புதுக் கப்பல்தான். மேசையில் பொரித்த மீனும் சிப்ஸும் காகிதத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமைக்கு அது வழக்கம்தான். ஆனால் மீன் கடைக்குப் பக்கத்திலேயே வாங்கிய பூங்கொத்து வழக்கமில்லை.

"பாஸாயிருச்சாமே! யார்டு கேட்டுல இருக்கிறவன்கூட சொல்றான். என் பொண்டாட்டி போட்ட கப்பல்னு நான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு வந்தேன்."

சொன்னேன். முழங்கை, சுவர், கிரெகர், திங்கட்கிழமை, எல்லாவற்றையும். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஒரு முழங்கைக்கா?"

"முழங்கை போகலன்னா ஆளு போக மாட்டான், டூகி. கீழ நெருப்பு பிடிச்சா, அந்த மூலைல ஒருத்தன் மாட்டிக்கிட்டா, அவனுக்குப் பின்னால இருக்கிற அத்தனை பேரும் மாட்டிக்குவாங்க."

"பிடிச்சா. மாட்டிக்கிட்டா." அவன் குரல் ஏறியது. "எல்லாம் ஒருவேளைதான். இங்க பாரு, வசந்தத்துக்கு அப்புறம் எங்களுக்கு வேலை இல்லங்கறது ஒருவேளை இல்ல. நிச்சயம். எனக்கு அம்பத்தாறு. என்னை எவன் எடுப்பான்? நீ கண்ணால ஒரு நொடி பார்த்ததை வச்சுக்கிட்டு எங்க எல்லார் வீட்டு அடுப்பையும் அணைக்கப் போறியா?"

"அந்தப் பொண்ணு கண்ணை மூடிக்கிட்டு வந்தா."

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டான், ஆனால் பதிலுக்கு நிற்கவில்லை. நாயைப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான். மீன் ஆறிப் போயிற்று. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லையே என்றுதான் பயமாக இருந்தது. ஒருவேளை நான் தப்பாகப் பார்த்திருக்கலாம் என்று அன்று முதல்முறையாக ஆசைப்பட்டேன். இருபத்தைந்து வருடமாகச் சரியாகப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் ஆசைப்படுகிற ஆசையா அது.

காலையில் காபி குடிக்கும்போது அவனே ஆரம்பித்தான். ராத்திரி தூங்கியவன் முகமாக இல்லை.

"சுவரை மூடிட்டுக் காட்டு. இன்னைக்கு அரை நாள் வேலை முடிஞ்சதும் நான் வந்து படுக்கறேன். எங்க கூட்டத்து ஷுக்கும் லாக்லனும் தூக்கட்டும். போகும் பாரு. உனக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி."

மதியச் சங்கு ஊதியதும் மூவரும் பூட்ஸோடு வந்து சேர்ந்தார்கள். விஷயம் என்னவென்று டூகி அவர்களிடம் சொல்லியிருந்தான் போல. ஷுக் என்னைப் பார்த்துத் தலையசைத்தானே தவிர, வழக்கம்போல 'என்ன தங்கச்சி' என்று கூப்பிடவில்லை. மந்திரிச் சுவர் மூட மறுத்தது. ஆற்று ஈரத்தில் பலகை ஊதியிருந்தது. நானும் லாக்லனும் தோளைக் கொடுத்துத் தள்ளியபோதுதான் கிறீச்சிட்டு வந்து பொருந்தியது. மூடிவிட்டு உள்ளே போனால், நடைபாதை இருண்டுகிடந்தது. கோடு கோடாக நானே வரைந்த இடம், ஆனால் மூடிய நிலையில் அதற்குள் நான் ஒருமுறைகூட நின்றதில்லை. மூலையில் கேபிள் பெட்டி வயிறு பெருத்த ஆள் மாதிரி நின்றது. கொண்டி வெளிப்பக்கம் இருந்ததால் நான் வெளியே வந்து அதை மாட்டிவிட்டு அங்கேயே நின்றேன். உள்ளே நடப்பது காதில்தான் விழுந்தது.

வார்களை இறுக்கும் சத்தம். பிறகு ஷுக்கின் முக்கல்.

"என்னடா டூகி, கல்லு கல்லா தின்னியா? அந்தக் குட்டிப் பொண்ணைத் தூக்கினவன் குடுத்து வச்சவன்."

"வாயை மூடிக்கிட்டுத் தூக்குடா. நேரா போ. நேரா. இப்ப திருப்பு."

பூட்ஸ்கள் நகர்ந்தன. பலகையில் ஏதோ உராய்ந்தது. நின்றது. "பின்னால வா" என்றான் லாக்லன். மறுபடி உராய்ந்தது, இந்த முறை இன்னும் பலமாக. ஷுக் கெட்ட வார்த்தை சொன்னான். அவன் முழங்கை மோதியது எனக்கு வெளியே கேட்டது, நான் நின்ற இடத்துக்கு நேர் எதிரில்.

"தலைப்பக்கம் தூக்கு" என்றான் டூகி.

"தூக்கினா நீ சரியறடா. வாரு கழுத்துல ஏறுது" என்றான் ஷுக்.

"ஏறட்டும். தூக்கு."

ஒரு நீண்ட இழுவை. டூகி இருமினான்.

"போகல, டூகி" என்றான் லாக்லன் மெதுவாக.

"இன்னொரு தடவை."

"அண்ணி, சுவரைத் தொறங்க. என் விரல் நசுங்குது" என்றான் லாக்லன்.

நான் கொண்டியில் கை வைத்தேன்.

"தொறக்காத, இஷ்பெல்!" டூகியின் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவை. ரெண்டு விரல் அகலம்தான்டா இடிக்குது. ரெண்டே விரல். போகும்."

பலகை என்னை நோக்கி மெல்ல உப்பியது. வாருக்குள்ளிருந்து எப்படியோ ஒரு கையை உருவி, அவன் சுவரை உள்ளிருந்து தள்ளுகிறான் என்று புரிந்தது. ஒட்டுப்பலகைதானே, வளைந்தது. கீல் முனகியது. இரண்டு விரல் இடம் கிடைத்துவிடும் போலிருந்தது.

"டூகி, கப்பல்ல அந்த இடத்துல இரும்பு" என்றேன்.

அவனுக்கா தெரியாது. அந்தத் தகட்டை வெட்டப் போகிறவனே அவன்தான். பலகை இன்னும் கொஞ்சம் உப்பியது. "வருதுடா, வருது, அப்படியே தள்ளு" என்று ஷுக் மூச்சு வாங்கினான். நான் இரண்டு உள்ளங்கைகளையும் அந்த உப்பலின்மேல் பதித்து, காலை ஊன்றி, தோளையும் சேர்த்துக் கொடுத்து, சுவரை அது இருக்க வேண்டிய இடத்துக்குத் தள்ளினேன். மெல்லிய பலகைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரனின் கை அழுத்துவது என் கையில் தெரிந்தது. அவன் விடவில்லை. நானும் விடவில்லை.